ஏழாம் பாடத்தில் உட்கார்ந்தவர்

எங்கள் மாப்பிள்ளை ஏழாம் பாடத்தில் போய் உட்கார்ந்தபோது என் பேத்திக்குப் பல் முளைக்கவில்லை. அவர் எழுந்தபோது அவள் என்னையே கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுக்க உள்ளதை உள்ளபடி, வண்டி எண்ணோடு சொல்லித் தீர்த்தாயிற்று. இனிமேலாவது இஷ்டத்துக்கு அளக்கலாம் இல்லையா?

மாப்பிள்ளைக்குக் குடிநீர் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. பம்ப், அழுத்தம், குளோரின் எல்லாவற்றையும் திரையில் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும் உத்தியோகம். இணையத்திலேயே நடக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் நீர் மேலாண்மைப் பட்டயம் வாங்கிவிட்டால் இங்கேயே ஷிப்ட் பொறுப்பாளர் ஆகலாம். மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீரேற்று நிலையத்துக்கு மாற்றல். மாற்றல் என்றால் அவர் மட்டுமா போவார்? என் மகளும் போவாள், வாண்டும் போவாள். நான் சுவரைப் பார்த்து அறிவிப்புச் செய்துகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அந்தப் படிப்பே ஒரு தினுசு. வகுப்பு நேரம் கிடையாது, மணி அடிக்காது, அவரவர் வேகத்தில் போகலாம். ஆனால் ஒரு பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்காமல் அடுத்த பாடத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. குறைந்தால் ஃபெயில் என்று சொல்வதில்லை. ‘இன்னும் இல்லை’ என்று திரை மரியாதையாகச் சொல்லும். எங்கே தடுக்கியதோ அந்த இடத்தை மட்டும் வேறு விதமாக விளக்கி, வேறு கேள்வி கேட்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கும். என் வாத்தியார்களுக்கு அதில் கால்வாசிப் பொறுமை இருந்திருந்தால் நான் விஞ்ஞானியாகி ரயிலையே பறக்கவிட்டிருப்பேன்.

மாப்பிள்ளை முதல் ஆறு பாடத்தையும் ஊதித் தள்ளினார். ஏழாவதில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். காபி கொடுக்கப் போனால் ஏழாம் பாடம். டம்ளரை எடுக்கப் போனாலும் ஏழாம் பாடம்.

“எப்படிப் போகுது மாப்பிள்ளை?”

“ஏழுலதான் இருக்கேன் அத்தை.”

அவர் வாயிலிருந்து நான்காவது வார்த்தை வாங்க மகாசபை கூட்ட வேண்டும்.

அடுப்படியில் மகளிடம் புலம்பினேன். “உன் வீட்டுக்காரருக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குதேடி.”

“சும்மா இரும்மா, அவர் காதுல விழப்போகுது. நீ மெதுவாப் பேசினாலே மூணாவது பிளாட்பாரம் வரைக்கும் கேக்கும்.”

என்னை அடக்கினாளே தவிர, அவளுக்கும் நம்பிக்கை இல்லை. கடைசி வாரம் பிறந்ததும் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் குழந்தையின் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் கணினி கூவியது. பல்கலைக்கழகத்து வழிகாட்டி அம்மாள் திரையில் வந்தார். சின்ன வயதுதான். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டரைப் பிடிப்பதுபோல் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் அவர் மாமியார். மறைக்காமச் சொல்லுங்கம்மா. எங்க மாப்பிள்ளை தேறுவாரா, மாட்டாரா?”

“ஏழாம் பாடத்துலயா? அவர் அதுல தேறி ரொம்ப நாளாச்சேம்மா!”

“என்னது?”

“நூத்துக்கு நூறு. அதுக்கப்புறமும் தினம் அதையேதான் செய்யறார். இருக்கற கேள்வி எல்லாம் தீந்து போச்சு, புதுசா எழுதிப் போட்டோம். அதையும் முடிச்சிட்டார். ஏன் மேல போகலன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

நான் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். மகளும் கையில் கரண்டியோடு வந்தாள்.

“ஏன் சார் மேல போகல?” என்றார் வழிகாட்டி.

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். “யாரும் போகச் சொல்லலையே மேடம்.”

முதல் ஆறு பாடத்துக்கும் ‘அடுத்ததுக்குப் போங்க’ என்று வழிகாட்டியே செய்தி அனுப்பியிருக்கிறார். ஏழிலிருந்து அது கிடையாது. தனக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றினால் மாணவரே ‘தயார்’ பொத்தானை அமுக்க வேண்டும். தன்னைத் தானே எடை போடப் பழகுவதும் படிப்பில் சேர்த்தியாம்.

“பொத்தானைப் பாத்தேன் மேடம்,” என்றார் மாப்பிள்ளை. “நாமளா எப்படி எழுந்து போறது? எங்க கட்டுப்பாட்டு அறையில அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, மீட்டரைப் பாத்து, ‘நான் பாத்துக்கறேன், கிளம்பு’ன்னு சொல்ற வரைக்கும் நாற்காலிய விட்டு அசையக் கூடாது. ஒரு தடவை மழையில ஆள் வரல. மறுநாள் மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.”

வழிகாட்டி சிரிப்பை மென்று விழுங்கினார். “இங்க மாத்திவிட ஆள் வராது சார். நீங்களேதான் எழுந்துக்கணும்.”

“சரியாத் தெரிஞ்சுதான் போச்சான்னு எப்படி மேடம்…”

நான் பொறுக்கமாட்டாமல் விரலை நீட்டினேன். “அம்மா, நீங்க தொடக் கூடாது!” என்று திரை அலறியது. மகள்தான் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

“என்னைக் கட்டிக்கறேன்னு எங்கப்பாகிட்ட வந்து நின்னீங்களே, அப்ப எந்த ஷிப்ட் ஆள் வந்து உங்களைக் கிளம்பச் சொன்னான்?”

மாப்பிள்ளையின் காது சிவந்தது. ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், ஏற்கெனவே தெரிந்தது எவ்வளவு என்று ஒரு முன்சோதனை உண்டு. எட்டை அதிலேயே தாண்டினார். ஒன்பதில் பாதியைத் தாண்டி, மீதியை இரண்டு நாளில் முடித்தார். பத்தாவது பாடம் கடைசிச் சோதனை: கேமராவுக்கு முன்னால் வாயால் விளக்க வேண்டும். வாயால்! அன்று நானும் மகளும் வாண்டும் மாடிப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் வெளியே வந்தார். “இன்னும் இல்லை.”

நான் இழவு வீட்டு ராகத்தை எடுத்துவிட்டேன். “போச்சே! என் குழந்தையை மலைக்குக் கொண்டுபோறாங்களே!”

“அத்தை, அத்தை! குழாய்க் கசிவுப் பகுதி மட்டுந்தான். மத்ததெல்லாம் ஆச்சு. எங்க தப்புன்னு இப்பத்தான் பாத்தேன். உள்ள வர்ற தண்ணியையும் வெளிய போற தண்ணியையும் வேற வேற நேரத்துல எடுத்துக் கழிச்சுட்டேன். நாளைக்கு அதை மட்டும் சொன்னாப் போதும்.”

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அழுகை பாதியில் நின்றது.

மறுநாள் உள்ளே போனவர் அரை மணியில் கதவைத் திறந்தார். வழிகாட்டி சொல்லியும் அனுப்பவில்லை, நாங்கள் தட்டவும் இல்லை. “முடிச்சிட்டேன்,” என்றார். மகள் படியிலேயே சரிந்து உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மாதம் முடிவதற்குள் ஷிப்ட் பொறுப்பாளர் உத்தரவும் வந்தது: இங்கேயே.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு சரக்கு ரயிலே இறங்கிப் போனதுபோல் இருந்தது. அன்று சாயங்காலம் வாண்டு பெட்டியைத் திறந்து, அடுக்கி வைத்த துணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடம் முழுக்க எறிந்துகொண்டிருந்தாள். மகள், “அம்மா, அவளைக் கொஞ்சம் பிடியேன்!” என்று உள்ளிருந்து கத்தினாள்.

பிடிப்பதாவது! நானும் கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி எறிந்தேன்.