நுழைய முடியாதவள்

சோடாக்காரரிடம் புட்டிகளை வாங்க அக்காவும் தங்கையும் வாசலுக்கு வந்தார்கள். காற்று கதவை அறைந்து சாத்தியது. புவெனஸ் ஐரிஸ் கதவுகளுக்கு இரக்கம் கிடையாது, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே. அடுப்பில் பால். தொட்டிலில் அக்கா ஹோர்ஹெலினாவின் கைக்குழந்தை சிமோன்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அதில் ஒரு கம்பி துருப்பிடித்து விழுந்து மாதக்கணக்காகிறது. அந்த இடைவெளியில் ஹோர்ஹெலினா புகப் பார்த்தாள். தோளோடு சரி. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் நெடி வெளியே வந்தது.

"மைத்தேனா, நீ போடி. உன்னால முடியும்."

"நான் எப்படிக்கா? இடுப்புலயே சிக்கிக்குவேன்."

தங்கை கிண்டலுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே ஓடுகிறவள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காற்றில் பறக்காமல் நிற்பதே பெரிய காரியம். ஆனால் எந்த வாசலிலும் இடித்துக்கொள்வோம் என்று பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையையும் அடைத்துவிடுவோம் என்று நின்றே வருவாள். அவள் கண்ணுக்கு அவள் அத்தனை பெரிசு. யார் சொல்லி என்ன?

"ஏ ஒல்லி, யோசிக்காம ஏறும்மா. நான் தூக்கி விடறேன்" என்றார் சோடாக்காரர்.

அந்த ஊரில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கோ கேலியாகவே பட்டது.

"நான் மாட்டிக்கிட்டா இருக்கிற ஒரே வழியும் அடைபட்டுடும். பூட்டுக்காரனைக் கூப்பிடுக்கா."

"அவன் வர்றதுக்குள்ள என் பிள்ளை போயிடும்டி."

உள்ளே சிமோன் இருமினான். அதுவரை கேட்ட அழுகை நின்றது. அவ்வளவுதான், மைத்தேனா ஏறிவிட்டாள். வயிற்றை எக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, சதை கிழிந்தால் கிழியட்டும் என்று பாய்ந்தாள். எதுவும் தடுக்கவில்லை. கம்பி அவள் சட்டையைக்கூடத் தொடவில்லை. பாய்ந்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தாள்.

கேஸை மூடினாள். குழந்தையை வாரிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளிக்காற்று பட்டதும் சிமோன் வீறிட்டான், ஹோர்ஹெலினாவுக்கு உயிர் வந்தது. தங்கையையும் சேர்த்து இழுத்து அணைத்துக்கொண்டாள். கைக்கு அகப்பட்டதெல்லாம் எலும்புதான்.

"பாத்தியாடி? இப்பவாவது தெரியுதா உனக்கு?" என்று அழுதாள்.

மைத்தேனா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு கவலை.

"தெரியுதுக்கா. இன்னிக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அந்தக் கம்பியைப் போடச் சொல்லு. நானே நுழைஞ்சிட்டேன்னா, எந்தத் தடியனும் நுழைஞ்சிடுவான்."