மந்திரி பாடட்டும்

1994இல் கனடாவின் ஸ்காபரோவில், பள்ளி மண்டபமொன்றில் நடந்த இசைநாடகத்தில், எழுபது வயதுப் புவிராசசிங்கம் இளவரசனாக வந்தார். மந்திரியாக வந்தவர் நாடகத்தை நடத்திய சங்கத்தின் தலைவர். அந்த வேடத்துக்குப் பாட்டே கிடையாது. அன்று குரல் உடைந்தால் அதுவே புவிராசசிங்கத்தின் கடைசி மேடை என்று தலைவர் முன்னரே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

பாட்டின் உச்சத்தில் இளவரசனின் குரல் உடைந்தது. மந்திரி ஒட்டுமீசைக்குள் சிரித்தார்.

இளவரசன் திரும்பினார். "மந்திரியாரே, எமக்குத் தொண்டை கட்டிப்போச்சு. மிச்சத்தை நீர் பாடும், பாப்பம்!"

தலைவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது.

"தலைவர், நீங்கள் இருங்கோ! அண்ணை பாடட்டும்!" என்று சபை கத்தியது.

புவிராசசிங்கம் ஆர்மோனியக்காரரிடம் சுருதியை இறக்கச் சொல்லி, முதலிலிருந்து முழுதாகப் பாடினார். "வன்ஸ்மோர்!" என்றார்கள், திரும்பவும் பாடினார்.

"வாற வருசமும் அண்ணைதான் இளவரசன்!" என்று முன்வரிசை அன்ரி ஒருவர் எழும்பிச் சொன்னார். "மந்திரியை மட்டும் மாத்துங்கோ!"