கட்டி மட்டுமா, முழுசுமா

இந்தக் காலத்தில் வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் வீட்டுக்காரனுக்குத் தெரிகிறது. என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அதை என்னிடம் சொல்வதற்கு நாலு நாள் முன்னாலேயே அவள் வேலை செய்யும் தையல் கடை கட்டிங் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான்.

“அவன்கிட்ட எதுக்குடி சொன்னே?”

“அவர் சம்சாரத்துக்கும் இதேதானே வந்துச்சு? முழுசா எடுத்தாங்க. உள்ளே பஞ்சு வச்சு ரவிக்கை அவர்தான் தைச்சுக் கொடுக்கிறார். அவரைக் கேக்காம உங்களையா கேக்கறது?”

இதையெல்லாமா என் மனைவியிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறான்!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். ஆரம்பத்திலேயே பார்த்தாயிற்றாம். கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி எடுத்துவிட்டு, சில வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம். இல்லையென்றால் மார்பையே எடுத்துவிடலாம். இவளுக்கு எதைச் செய்தாலும் ஆயுசுக்கு வித்தியாசமில்லை என்றார்.

“முழுசா எடுத்துடுங்க,” என்றேன். நான் கார் டிங்கர் வேலை செய்கிறவன். துருவை மிச்சம் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

“கட்டியை மட்டும் எடுங்க டாக்டர்,” என்றாள் அவள்.

“மாஸ்டர் சொல்லிக் கொடுத்தானா? இந்த வயசுல யாருக்குடி வச்சுக்கறே?”

வாய் தவறி வந்ததில்லை. மனதில் இருந்ததுதான் வந்தது. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

“எனக்குத்தான்,” என்றாள். “நீங்க என்ன, துருப்பிடிச்ச இடத்தை வெட்டி ஒட்டுப் போடுவீங்களா, கதவையே தூக்கி எறிவீங்களா?”

“அது கதவுடி! மறுபடி துரு வந்தா வண்டி திரும்பப் பட்டறைக்கு வரும். நீ போயிட்டா…”



“இதை முதல்ல சொல்லியிருக்கலாமே,” என்றாள். ஆனால் கட்டி மட்டும் என்றே கையெழுத்துப் போட்டாள்.

“தினம் கரண்ட் வைக்க யார் கூட்டிட்டு வருவாங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“மாஸ்டர் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விடறேன்னார்.”

“ஒண்ணும் வேணாம். பட்டறையைப் பூட்டிட்டு நான் வர்றேன்.”

“வாங்க. வழியில வாயைத் திறக்கக் கூடாது.”

வெளியே பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

“என்ன முடிவாச்சு அண்ணே?”

“உள்ளேதான் இருக்கா. அவளையே கேட்டுக்க.”

அவன் பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினேன். கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. அவனையும்தான்.