ஜன்னலம்மாவின் வயிற்றில் ஒரு போன்

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு, "காலேஜ் பசங்கல்லாம் போன்லயே மூழ்கிக் கிடக்கறாங்க இல்லையா, அதப் பத்தி ஒரு கதை குடுங்க. படிக்கறவங்க கண்ணு கலங்கணும்" என்றார். சரி என்றேன். கலங்கவைப்பது எனக்குக் கைவந்த வேலை. அன்றைக்கே உட்கார்ந்து தொடங்கியும் விட்டேன்:

அறை முழுக்க நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு முகம் மெல்லக் கரைந்து

வாக்கியம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து என் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்து இறங்கினாள். கால்நடை மருத்துவம் படிக்கிறவள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று, தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோப்புக் கையோடு நானும் உட்கார்ந்தேன். இதற்குப் பிறகு யாரைக் கலங்கவைப்பது?

2

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஆனால் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வாலுத்தனமெல்லாம் போனுக்குள் குடியேறிவிட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறைக்குக் கொண்டுபோவாள். சாப்பிடும்போது தட்டைப் பார்க்கமாட்டாள். வகுப்பில் கடைசி வரிசை, மடியில் போன். "இந்த ஒரு வீடியோவோட போதும்" என்று நினைப்பாளாம். கட்டைவிரல் அடுத்ததைத் தள்ளிவிட்டிருக்குமாம்.

(அவள் கண்களில் அப்போது தெரிந்தது— இல்லை, கண்கள் தெரிந்ததே இல்லை. போன் மறைத்திருந்தது.)

அறைத்தோழி ஒருத்தி இருந்தாள். அவளைப் பக்கத்துக்கட்டில் என்று வைத்துக்கொள்வோம். கையை நீட்டினால் தொடலாம். ஆனால் இவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் போனில் அனுப்பும் செய்தியில்தான். "லைட் ஆஃப் பண்ணவா?" என்பதுகூட.

உடற்கூறு தேர்வில் வாலு தோற்றாள். பேராசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "செய்முறை வகுப்புல இன்னொரு தடவை கையில போனப் பார்த்தேன், இந்த வருஷத்தத் திரும்பப் படிக்க வேண்டியதுதான்."*

* இதை எழுதியதும் வாலு தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "தேர்வுல தோத்ததையும் போடணுமா அத்தை?" போடணும். "அப்ப நான் அழுதேன்னும் போடு. குளியலறையில. போனப் பார்த்துக்கிட்டே." போட்டுவிட்டேன்.

3

இனி ஜன்னலம்மா. கல்லூரித் தொழுவத்தில் ஒரு பசு. மாடு தின்றது உள்ளே எப்படிச் செரிக்கிறது என்று மாணவர்கள் பார்ப்பதற்காக, விலாவில் வட்டமாக ஒரு துளை போட்டு ரப்பர் மூடி பொருத்தியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் இரைப்பை. கையுறை மாட்டிக்கொண்டு தோள்வரைக்கும் கையை விடலாம். மாட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தீவனத்தை மென்றுகொண்டு நிற்கும். அதனால்தான் மாணவர்கள் வைத்த பெயர் ஜன்னலம்மா.

உலகத்தில் எத்தனை பேருக்கு மாட்டின் வயிற்றுக்குள் கைவிடும் வாய்ப்புக் கிடைக்கும்? அதைப் படம் எடுக்காமல் விட வாலுவுக்கு மனசு வரவில்லை. பேராசிரியை திரும்பி நின்ற நேரம் பார்த்து, வலது கையைத் துளைக்குள் விட்டுக்கொண்டே இடது கையில் போனைத் துளைக்கு நேராகப் பிடித்தாள். ஜன்னலம்மா ஒரு எட்டு நகர்ந்து நின்றது. அவ்வளவுதான்.

ப்ளக்.

4

(இந்த இடத்தில் ஒரு தத்துவப் பத்தி வைத்திருந்தேன். இத்தனை நாள் போன்தான் இவளை விழுங்கிக்கொண்டிருந்தது, இப்போது... என்று போகும். வாலு படித்துவிட்டு, "அத்தை, அந்த நேரத்துல யாருக்கு இதெல்லாம் தோணும்?" என்றாள். எடுத்துவிட்டேன்.)

5

அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம். தோள்வரைக்கும் விட்டுத் துழாவினாள். வெதுவெதுப்பான ஈர வைக்கோல்தான் கைக்கு வந்தது. அப்போது பசுவின் வயிறு பாட ஆரம்பித்தது.

வகுப்பின் மறுகோடியிலிருந்து பக்கத்துக்கட்டில்தான் அழைத்திருந்தாள். இவள் முகம் வெளுத்ததைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்பதற்கு. நடந்துபோய்க் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.†

† மாட்டு வயிற்றில் சிக்னல் கிடைக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதலில் மேலே மிதந்த வைக்கோலில் சிக்கியிருந்ததாம். கொஞ்ச நேரத்தில் பாட்டு அமுங்கி, நின்றுபோனது. ஆழத்துக்குப் போய்விட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். பேராசிரியை மாட்டையும் வாலுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்தப் பேராசிரியையோடு எனக்கு ஒரு தகராறு. மூக்கு நுனியில் கண்ணாடி, இடி மாதிரி குரல் என்று எழுதிவைத்திருந்தேன். "மேடம் கண்ணாடியே போடமாட்டாங்க" என்றாள் வாலு. "அவங்க திட்டவும் இல்ல. 'யாரும் சிரிக்கக் கூடாது'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, சுவரப் பாத்து திரும்பிக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குச்சு."

திரும்பியபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"உள்ள பேட்டரி உடைஞ்சா இவ செத்துடுவா. புரியுதா?"

வாலுவுக்குப் புரிந்தது. வருஷம் போகும், அப்பா திட்டுவார் என்றெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக ஜன்னலம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாமல் மென்றுகொண்டிருந்தது.

"மேடம், உள்ள இருக்கறதெல்லாம் வெளிய எடுத்துடலாமா?" என்றாள்.

"எடுக்கணும். சூடு ஆறாம மூடிவெச்சு, திரும்ப உள்ள போடணும், இல்லன்னா இவளுக்குச் செரிக்காது. நீ ஒருத்தியா முடியாது."

பிறகு பக்கத்துக்கட்டில் தன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, கையுறையை இழுத்து மாட்டினாள். "தள்ளுடி" என்றாள். அதற்கப்புறம் மொத்த வகுப்பும் வரிசை கட்டியது. அள்ளினார்கள், அள்ளினார்கள், மூடி போட்ட பீப்பாய்கள் நிறைந்துகொண்டே போயின. நாற்றம் மயக்கம் வரவைக்கும் நாற்றம். ஒருவன் தலைமுடியில் வைக்கோல். இன்னொருத்தி புதுச் சட்டையை மறந்துவிட்டு அள்ளினாள். யாரோ, "உள்ள போனவன் நெட்வொர்க் கவரேஜுக்கு வெளிய இருக்கான்" என்றதும் எல்லோரும் மாட்டின்மேலேயே சாய்ந்து சிரித்தார்கள்.

கடைசியில் இரைப்பையின் அடிமடிப்பில் வாலுவின் விரலில் வழவழவென்று ஒன்று தட்டியது. இரைப்பை சுருங்கி அவள் கையை இறுக்கியது. ஓர் உயிர் உள்ளே இப்படி ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை அவள் படித்திருக்கிறாள், தொட்டது அன்றுதான். விடும்வரை காத்திருந்தாள். அவசரப்படவே இல்லை. பிறகு இழுத்தாள்.

போன் முழுசாக இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

6

ஆசிரியருக்குப் பிடித்த முடிவு இங்கே வரவேண்டும்: அவள் போனைத் தூக்கி எறிகிறாள், சூரியன்

வேண்டாம். நடந்தது வேறு. வாரியதையெல்லாம் திரும்ப உள்ளே போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் ஜன்னலம்மா தீவனத்தைத் தொடவில்லை. அசை போடவில்லை. இடது விலா லேசாக உப்ப ஆரம்பித்தது.

"காத்து வெளிய வந்தாகணும்" என்றார் பேராசிரியை. "மூடியத் திறந்துவிட்டா வயிறு தானா வேலை செய்யுதான்னு தெரியாது, இவளாவே ஏப்பம் விடணும். இங்கயே உக்காரு. காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இரு."

வாலு ஸ்டெதஸ்கோப்பை விலாவில் வைத்து உட்கார்ந்தாள். கேட்காமலேயே பக்கத்துக்கட்டிலும் வந்து உட்கார்ந்தாள். வாலுவின் கட்டைவிரல் சும்மா முழங்காலின்மேல் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பக்கத்துக்கட்டில், "எனக்கும் அப்படித்தான் அரிக்குதுடி" என்றாள்.

பிறகு கொட்டினார்கள். "நீ போடற படத்தையெல்லாம் பார்த்து, உனக்கு எவ்வளவு சந்தோஷமான வாழ்க்கைன்னு நினைச்சேன்" என்றாள் வாலு.

"நான் உன்னதப் பார்த்து நினைச்சேன். உன்னளவுக்கு நம்மால முடியாதுன்னு படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருந்தேன்."

"நானே பெயிலுடி!"

"அதத்தான் நீ போடவே இல்லையே!"

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலம்மா கழுத்தை நீட்டியது. வந்தது பாருங்கள் ஒரு ஏப்பம்! தொழுவமே அதிர்ந்ததாம். வாசலில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பு மொத்தமும் கைதட்டியது, விசிலடித்தது. பேராசிரியை ஓடிவந்து ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிக் கேட்டார். ஜன்னலம்மா நிதானமாக அசை போட ஆரம்பித்தது. வாலு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தச் சந்தோஷத்த ஒருத்தரும் படம் எடுக்கலியே" என்றேன்.

"அட, ஆமாம்ல!" என்றாள் வாலு. அதுவரைக்கும் அவளுக்கே அது தோன்றியிருக்கவில்லை.

7

வருஷம் போகவில்லை. இனி செய்முறை வகுப்பு முடிந்ததும் ஜன்னலம்மாவுக்குத் தீவனம் வைப்பது வாலுவின் வேலை என்று பேராசிரியை தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்துக்கட்டில் ஊருக்குப் போகவில்லை. இப்போது விளக்கை அணைக்க வாயால்தான் சண்டை போடுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா? அப்படி எழுதினால் அது பொய். அவள் அப்பாவை, அதாவது என் அண்ணனை, நச்சரித்து வேறு போன் வாங்கிவிட்டாள். "நெனச்சா வெச்சுட முடியுதா?" என்று கேட்டேன். "சில நாள் முடியுது அத்தை. சில நாள் கட்டைவிரல் ஜெயிச்சிடுது" என்றாள். அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை.

இந்த வரியை எழுதும்போது அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வாய்விட்டுச் சிரிப்பது கேட்கிறது. பக்கத்தில் ஆள் இருக்கிறதா, மடியில் போன் இருக்கிறதா, இங்கிருந்து தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிடலாம். நான் போகவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பே போதும். உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால், கதவு திறந்துதான் இருக்கிறது. சத்தம் போடாமல் எட்டிப் பாருங்கள்.