மீனம்பாக்கம் வரை போகவேண்டிய வண்டி

வியாழக்கிழமை காலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும், முரளி கையில் அப்பியிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடினான். குவைத்திலிருந்து அவன் மனைவி பிரேமலதா லைனில் இருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேன்யா. லீவு குடுத்துட்டாங்க. மெட்ராஸ் ஏர்போர்ட்டு, காலைல."

"நெஜமாவா?" என்று மட்டும் கேட்டான்.

"கார் வாங்கிக்கீறேன்னு சொன்னியே, அத்த எடுத்துக்கினு வா. பஸ்ஸு வேணாம். கொழந்தைய கூட்டிக்கினு வா. இன்னா, கேக்குதா?"

கேட்டது. அவன் தலையாட்டியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஆந்திர எல்லையில், நகரியைத் தாண்டி புத்தூர் போகும் ரோட்டில் முரளிக்குத் தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அவன் பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமும் கிடையாது. அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தே போய்ச் சேர்ந்தார்கள். அவன் திருப்பதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றுக்கொண்டான். கல்யாணமாகி, குழந்தை ரூபா நடக்க ஆரம்பித்த நேரத்தில், ஊரில் பல பெண்களைப் போலவே பிரேமலதாவும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அது நான்கு வருஷமானது. அங்கிருந்து அவள் அனுப்பியதில்தான் ஷெட் வந்தது, ரூபா இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் சேர்ந்தாள், அந்தப் பழைய மாருதியும் வந்தது.

இதுவரை வண்டி நகரியைச் சுற்றி மட்டுமே ஓடியிருந்தது. மீனம்பாக்கம் போய்த் திரும்ப வேண்டுமானால் உள்ளே திறந்து பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று முரளி அன்றே இன்ஜினின் முன்பக்கக் கவரைக் கழற்றினான். டைமிங் பெல்ட் முழுக்க வெடிப்பு. கீழே ஆயில் சீல் கசிந்து, பெல்ட்டின் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப் போயிருந்தது. சில பற்கள் பாதிதான் இருந்தன. இன்ஜினின் மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது அந்த பெல்ட்தான். நடு ரோட்டில் அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வால்வு வளைந்தாலும் வளையும்.

திருப்பதிக்குப் பஸ் பிடித்துப் போய் பெல்ட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் சீல், லேசாகச் சொட்டிக்கொண்டிருந்த வாட்டர் பம்புக்குப் பதில் புதிது என எல்லாவற்றையும் வாங்கி வந்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தெலுங்கில், "என்னய்யா, எல்லாம் புதுசு, ஊர்வலத்துக்கா?" என்று கேட்டார். "பெண்டாட்டி வருது," என்று இவனும் தெலுங்கிலேயே சொல்லிச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதே வேலை. கீழ்த் தண்டின் நுனியிலிருந்த கிராங்க் புல்லியின் போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி மிதித்த பிறகு சத்தத்தோடு விட்டுக் கொடுத்தது. பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதைச் சுற்றிலும் தட்டி இறக்கினான். பம்பை மாட்டினான். மேல் கீழ் மார்க்குகளைச் சரிபார்த்து புது பெல்ட்டைப் போட்டான். ஸ்டார்ட் செய்யுமுன் கையால் இரண்டு சுற்று சுற்றி, மார்க் மறுபடி அதே இடத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அக்காவைக் கூப்பிட்டான்.

வெங்கடலட்சுமி அவனுக்கு மூத்தவள். பிள்ளை இல்லையென்று அவள் புருஷன் வீராசாமி வேறொருத்தியோடு போய்விட்டான். பிரேமலதா குவைத் போன வாரமே அவள் தம்பி வீட்டுக்கு வந்து, குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். இன்னும் இறக்கவில்லை.

"மேல அந்த வெள்ளக் கோடு நேரா வந்தா சொல்லுக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். அவன் கீழே சுற்றினான்.

"வந்துகினு கீது... நிறுத்து. வந்துட்ச்சு."

நிமிராமலே அவள் சொன்னாள்: "நான் நாளைக்கே பாகாலாவுக்குப் போயிடறேன்டா. செல்லியம்மா சின்னம்மா வீட்டுக்கு."

"இன்னாத்துக்கு?"

"ரூபா என்ன அம்மான்றா. அத்தைன்னு சொல்லுடின்னு எத்தினியோ சொல்லிப் பாத்துட்டேன். நான் கண்ணுல பட்டுக்கினு இருந்தா பெத்தவகிட்ட எப்படிப் போவா?"

"போவாக்கா. ரத்தம் அது. நீ எங்கயும் போவாத."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே பிடித்தது. முரளிக்கு இருந்த சந்தோஷத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் வெங்கடலட்சுமி, தான் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏறாமல் ரூபாவும் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் மூவருமாகவே போனார்கள்.

மீனம்பாக்கத்தில் கூட்டத்துக்கு நடுவே டிராலியைத் தள்ளிக்கொண்டு பிரேமலதா வந்தாள். இளைத்திருந்தாள். டிராலியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"ரூபா... என் தங்கமே..."

ரூபா சட்டென்று வெங்கடலட்சுமியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இவுங்க யாரும்மா?"

வெங்கடலட்சுமிக்கு உடம்பெல்லாம் கூசியது. "அம்மா கண்ணு. உன் அம்மா. போ," என்று முன்னால் தள்ளினாள். பிரேமலதா பையைத் துழாவி ஒரு ஜோடி சிவப்பு ஷூவை எடுத்து நீட்டினாள். விலகி நின்றபடியே குழந்தை கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டது. ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தபடி மரியாதையாகச் சொன்னது:

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

திரும்பும் வழியெல்லாம் பிரேமலதா முன் ஸீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் ரூபா அத்தையின் மடியில் தூங்கினாள். ஊத்துக்கோட்டை தாண்டியதும், "வண்டி நல்லா ஓடுதுய்யா. சத்தமே இல்ல," என்றாள் பிரேமலதா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முரளி ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கிப்போய் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை வெங்கடலட்சுமி துணிப்பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் பாகாலா போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ரூபா முதலில் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். பிரேமலதா பிசைந்து கொடுத்த சோற்றை வாயிலேயே வைத்திருந்து துப்பினாள். கதை சொன்னால் காதைப் பொத்திக்கொண்டாள். "கொஞ்சம் துன்னுமா, ஒரே வாய்," என்று பிரேமலதா கெஞ்சினால், "நைனா, அம்மா எப்ப வரும்?" என்று முரளியைக் கேட்டாள். அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டும் இறங்கவில்லை. பிரேமலதா தொட்ட இடத்திலெல்லாம் குழந்தை உடம்பைச் சுருக்கிக்கொண்டது.

"வண்டிய எடுய்யா," என்றாள் பிரேமலதா. "அக்காவ கூட்டியாரலாம்."

"இன்னும் ரெண்டு நாள் பாப்போம் பிரேமா. பழகிடுவா."

"வேணாம். எனக்குத் தெரியும்."

பாகாலாவில் சின்னம்மா வீட்டுத் தெருமுனையில் வண்டி நின்றதும் ரூபாவுக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, இறங்கி ஓடினாள். வெங்கடலட்சுமி வாசலில் இருந்து அலறிக்கொண்டே வந்து அவளைத் தூக்கினாள். பிரேமலதா காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே முரளியிடம் சொன்னாள்:

"அங்க நானும் ஒரு கொழந்தைய வளத்தேன்யா. பொறந்த நாள்லேர்ந்து. அவுங்க பாஷையில அம்மாவுக்கு 'மாமா'ன்னு சொல்லுவாங்க. அது என்னத்தான் மாமா மாமான்னு கூப்புடும். நான் கெளம்பறப்ப என் காலக் கட்டிக்கினு அழுதுச்சு. அத்தப் பெத்தவ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தா. அவ மூஞ்சி ஏன் அப்படிப் போச்சுன்னு எனக்கு அப்ப புரியல."

முரளி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெங்கடலட்சுமி காரருகே வந்து, "என்ன மன்னிச்சுடு பிரேமா," என்றாள்.

"நீ இன்னாக்கா பண்ண? நீ இல்லன்னா என் பொண்ணு யார்கிட்ட வளந்திருப்பா? ஏறு, வீட்டுக்குப் போலாம்."

லீவு முடிந்ததும் பிரேமலதா திரும்பிப் போவதாகச் சொன்னாள். இங்கேயே இருந்துவிடு, ஷெட் வருமானம் போதும் என்று முரளி எத்தனையோ சொன்னான். வெங்கடலட்சுமி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். பிரேமலதா யார்மீதும் கோபப்படவில்லை.

"இங்க இருந்தா நான் தெனம் அந்தப் பொண்ணு வாயப் பாத்துக்கினே இருப்பேன், எப்ப அம்மான்னு கூப்புடும்னு. அது அவளுக்கும் பாரம். என்னால ஆவாதுய்யா," என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் வெங்கடலட்சுமி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டதென்று ரூபா சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு பிரேமலதாவிடம் வந்தாள்.

"உங்களுக்குப் பின்னத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும், உக்காரு."

குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்தது. முடி அடர்த்தியாக, எண்ணெய் வாசனையோடு இருந்தது. பிரேமலதா வகிடெடுத்து, மெதுவாகப் பின்னி, ரிப்பனைக் கட்டினாள்.

"ஆயிடுச்சா?" என்று குழந்தை எழப் பார்த்தது.

"இல்லம்மா, கோணலாப் போச்சு," என்று சொல்லி, நேராக இருந்த பின்னலை முழுக்க அவிழ்த்துவிட்டு, பிரேமலதா மறுபடியும் முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.