மீன்காரர் சொன்ன இரண்டாவது வாக்கியம்

1

இந்தக் கதை இன்று காலை தொலைபேசியில் வந்தது. அழைத்தவள் என் சிநேகிதி லதா. (அது அவள் உண்மைப் பெயர் அல்ல. "எழுதிக்கோ, பேரை மட்டும் போட்டுத் தொலைக்காதே" என்றாள்.)

முதல் தொடக்கம்: 'நியூ டவுன் அடுக்ககத்தின் பின்னால் மரகதம் உருகினாற்போல் ஒரு குளம்...' வேண்டாம். பாசி என்று எழுதக் கூச்சப்படுகிறவள் குளத்தைப் பற்றி எழுத வரக்கூடாது.

இரண்டாவது தொடக்கம்: போன வருடம் லதாவின் கணவர் வெங்கட்ராமனுக்கு பைபாஸ் நடந்தது. அவர் பிழைத்து வந்தால் இருபத்தோரு உயிர்களை விடுவிப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். பிழைத்தார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

லதா பரம்பரை சைவம். கொல்கத்தாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் மீன் கடை வந்தால் முந்தானை மூக்குக்குப் போய்விடும். ஒரு வங்காளி என்றால் இன்ன மீன் என்று பெயர் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். லதாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எது உயிரோடு வீடு வந்து சேரும்?

மீன்காரர் ஒரு தொட்டியைக் காட்டினார். கறுப்பாக, மீசையோடு மாகுர் என்கிற கெளுத்தி மீன்கள் புரண்டுகொண்டிருந்தன. இருபத்தொன்றை வாளியில் வாங்கி வந்து, மஞ்சள் தெளித்து, அடுக்ககத்தின் பின்னாலிருந்த குளத்தில் விட்டாள். விட்டபோது அழுதாள்.

3

(இந்தப் பகுதி கட்டுரைபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான்.)

லதாவின் மேல்வீட்டு தாரா கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ஞாயிறுதோறும் அந்தக் குளத்தில் என்னென்ன வாழ்கிறது என்று பட்டியல் எடுப்பாள். போன வருடம் முப்பத்துநான்கு வகை இருந்தன: புட்டி என்கிற பொடிமீன், இரண்டு வகைத் தவளை, தட்டான்கள், தவளைக்காக வந்து நிற்கும் ஒரு கொக்கு. பல்லுயிர் என்றால் தலை எண்ணுவதல்ல, வகை எண்ணுவது. பொடிமீன் கொசுப்புழுவைத் தின்னும், தவளை கொசுவைத் தின்னும், கொக்கு பொடிமீனையும் தவளையையும் தின்னும். ஒன்றைக் கழற்றினால் அடுத்ததும் ஆடும். குளத்தில் உயிரைச் சேர்த்தால் கூடத்தானே செய்யும் என்று நானும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. காரணம் ஐந்தாம் பகுதியில்.)

இந்த வருடப் பட்டியலில் பதினொன்றுதான். கொசு பெருகிவிட்டது. "செத்த குளம், மூடிவிட்டுக் கார் நிறுத்தலாம்" என்கிறது குடியிருப்போர் சங்கம். நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டம்.

நேற்று தாரா ஒரு மாகுரைப் பார்த்துவிட்டாள். நம் ஊர் மாகுர் இல்லை, எதையும் தின்னும் வெளிநாட்டு ரகம். வலை போட்டு அத்தனையையும் எடுத்துவிட்டால் குளம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் எத்தனை என்று விட்டவர்தான் சொல்ல வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறாள்.

4

"வலை போட்டா அதுகளைக் கொன்னுடுவாளாடி?"

"வேற வழியில்லைன்னுதான் தோண்றது, லதா."

"இவர் உசிருக்காக விட்டது. திருப்பி எடுத்தா இவருக்கு ஏதாவது ஆயிடுமோ?"

நல்ல எழுத்தாளர் இந்த இடத்தில் ஆறுதலாக ஒரு வரி தந்திருப்பார். நான் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

பத்துக்கு என்றவள் தொடர்ந்தாள்: "குளமே போயிடும்னா நான் சொல்லித்தானே ஆகணும்? என் பெங்காலி காய்கறி வாங்கற வரைக்கும்தான். நான் தமிழ்ல சொல்றேன், நீ பெங்காலில சொல்லு. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லு. நமக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்!"

5

இரண்டாம் பகுதியிலிருந்து ஒரு ஆளை நீக்கியிருந்தேன். மீன் கடையில் லதாவுக்காக வங்க மொழியில் பேசியவள். நான்தான். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு.

மீன்காரர் இரண்டு வாக்கியம் சொன்னார். "இது சாகாது தீதி." அதை லதாவுக்குச் சொன்னேன். "குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்றதையெல்லாம் தின்றுவிடும்." அதைச் சொல்லவில்லை. கவிச்சி வாடை, வெயில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவளோ அவ்வளவு சந்தோஷமாக வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தொரு மீன் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். லதாவுக்கு இன்றுவரை தெரியாது.

6

முடிவு அ: லதா எழுந்து தமிழில் சொல்கிறாள். நான் அப்படியே வங்க மொழியில் சொல்கிறேன்: "தெரியாமல் செய்துவிட்டாள், இருபத்தொன்று." வலை விழுகிறது, குளம் தப்புகிறது. மீன்களைக் கொன்ற பாரம் முழுக்க அவளுக்கு.

முடிவு ஆ: அதே கூட்டம், அதே இருபத்தொன்று. கூடவே அந்த இரண்டாவது வாக்கியம். முதலில் லதாவுக்குத் தமிழில், பிறகு மற்றவர்களுக்கு. குளம் இதிலும் தப்பும். லதா என்னோடு பேசுவாளா, தெரியாது.

வெங்கட்ராமன் இரண்டு முடிவிலும் நன்றாக இருக்கிறார். அதில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன்.

இரண்டையும் தனித்தனித் தாளில் வங்க மொழியில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் பகுதி வரை உங்களிடமே மறைத்தவள் நான். நாளை எந்தத் தாளை எடுப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.