இருட்டுவதற்குள் வீடு

நன்னடத்தை அதிகாரி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் என் தம்பியைச் சிறையிலிருந்து முன்கூட்டியே விட்டார்கள். மீறினால் மீதித் தண்டனைக்குத் திரும்ப உள்ளே போக வேண்டும். தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அந்தக் கழுதையை இன்னும் காணோம்.

"வந்துடுவான் சார். டீ போடட்டுமா?"

"டீ குடிக்கவா வந்தேன்? ஆளைக் காட்டுங்க."

மனுஷனிடம் மருந்துக்குக்கூடச் சிரிப்பு கிடையாது. "வேலை செய்யுற எடத்துலதான் இருப்பான், நீங்களே வந்து பாருங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

தச்சுப் பட்டறை முதலாளி பூட்டும் கையுமாக வாசலில் நின்றார். "அவன் அப்பவே போயிட்டானேம்மா! ஒரு வார்த்தை சொல்லாம கெளம்பிட்டான்னு நானே கடுப்புல இருக்கேன்."

அதிகாரி செல்போனை எடுத்தார். "ஓடிட்டான், வேறென்ன? இவங்களையெல்லாம் உள்ளயே வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன், எவன் கேக்குறான்?"

பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் ஆணியில் அவன் சட்டை தொங்குகிறது. "சட்டையை விட்டுட்டு எவன் சார் ஓடுவான்?" முதலாளியை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், "டேய் தம்பி!" என்று கத்தினேன்.

"இருக்கேன் ஐயா!"

பலகை அடுக்கும் அறையிலிருந்து வந்தது அவன் குரல். என்னைப் போய் 'ஐயா' என்கிறான். கதவைத் தள்ளினேன். இருட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றிருந்தான். உடம்பெல்லாம் வேர்வை.

"பலகை எடுக்க வந்தேங்க்கா. காத்துல கதவு சாத்திக்கிச்சு."

"பூட்டல, தாழ்ப்பாள்கூடப் போடலையேடா! தொறந்துக்கிட்டு வர வேண்டியதுதானே?"

"யாரும் தொறக்கலையே."

எனக்குப் பகீரென்றது. சிறைக்குள் இருந்த வருஷமெல்லாம் கதவைத் திறப்பதும் மூடுவதும் காவலர்கள். இவன் தொட்டால் அடி. வீட்டில் காற்றுக்காக எல்லாக் கதவையும் நான் விரியத் திறந்தே வைத்திருந்ததில், இது என் கண்ணில் படவேயில்லை.

"அடப்பாவி! நாளைக்குத் தீப்பிடிச்சாலும் இப்படியே நிப்பியா?" கோபத்தில் கதவை மறுபடி சாத்தினேன்.

"என்னம்மா பண்றீங்க?" அதிகாரி பதறினார்.

"இருங்க சார். டேய், நீயா தொறந்துக்கிட்டு வா. அக்கா சொல்றேன்ல, வாடா ராசா!"

கைப்பிடி அசையவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், அழுதேவிட்டேன். உள்ளே அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

அதிகாரி செல்போனைப் பைக்குள் போட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓர் அதட்டல் போட்டார்.

"ம், வெளிய வா!"

சட்டென்று கதவு திறந்தது. தம்பி வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. "நான் எதுவும் எழுதலம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நகரவில்லை. அவர் 'போ' என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.